பதினோரு கூடைக்காரிகள்

எதையும் எண்ணிப் பார்க்காமல் நான் ஒப்புக்கொள்வதில்லை. மாத்திரை வாங்கினாலும் கடையிலேயே பிரித்து எண்ணுவேன். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும், அவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. இந்தப் பழக்கம் ஒன்பது வயதிலேயே வந்துவிட்டது. அதை நம்பித்தான் அத்தை என்னைத் தோல் பதனிடும் ஷாப்புக்கு அழைத்துப் போனாள்.

அத்தை, தாத்தாவின் முதல் தாரத்து மகள். அப்பாவைவிட வெகு மூத்தவள். அவளைப் பெற்றவள் பாலாற்றில் ரயில் பாலம் கட்டியபோது மண் சுமந்தவள். வேலை முடியுமுன்பே அங்கே காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது அத்தை மரக்கிளையில் கட்டிய தூளியில் கிடந்த கைக்குழந்தை. அம்மா முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால், "பொம்பள மொகம் மாதிரிதான் இருந்துச்சு" என்பாராம் தாத்தா. அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

அத்தை வேலை செய்த ஆம்பூர் ஷாப்பில், முதலாளி அறையில் ஒரு படம் மாட்டியிருந்தது. பாலாற்றுப் பாலம் எழும்பும்போது ஒரு வெள்ளைக்காரர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரைந்தது என்று காவல்காரர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. போய்ப் பார்க்கலாம்தான். ஆனால் சுண்ணாம்புத் தொட்டியில் கழித்த வருஷங்கள் அவள் பார்வையில் பாதிக்கு மேல் தின்றிருந்தன. அதற்குத்தான் நான்.

முதலாளி அறை வாசற்படியிலேயே அவள் நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா அங்கியே நிக்கிறே?" என்றார் முதலாளி சாயபு.

"வாடை அடிக்கும் மொதலாளி."

"அந்த வாடையிலதாம்மா இந்த ரூமே நிக்குது. வா, ஜல்தி பாத்துட்டுப் போ."

நான் முக்காலி மேல் ஏறினேன். மைக்கோடுகளால் ஆன படம். பாதி எழும்பிய தூண்கள், மூங்கில் சாரம், குடை நிழலில் ஒரு துரை. தலையில் கூடையோடு வரிசையாகப் பெண்கள்.

"பொம்பளைங்க எத்தினி பேருடா?"

"பதினொண்ணு அத்தே."

"மொகம் தெரியுதா?"

தெரிந்தது. அதுதான் சங்கடம். முதலாமவளைப் பார்த்தேன், அடுத்தவளைப் பார்த்தேன், திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். பதினோரு பேருக்கும் ஒரே முகம். எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துத் துரைசானிக்கு இருந்ததைப் போல நீண்ட, கூரிய மூக்கு.

"எல்லாருக்கும் ஒரே மொகந்தான் அத்தே. சும்மா போட்டு வெச்சிக்கீறாரு. இதுல உங்கம்மா யாருன்னு சொல்லவே முடியாது."

சாயபு எழுந்து வந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "பையன் சரியாத்தான் சொல்றான். பாவம், வெயில்ல பேஜாராகி ஒண்ணையே போட்டுட்டான் போல" என்று சிரித்தார்.

அத்தை சிரிக்கவில்லை.

"அப்போ ஒருத்தியப் பாத்துத்தான் எல்லாரையும் போட்டுக்கீறான்" என்றாள் மெதுவாக. "அங்க மரம் எதுனா கீதாடா? தூளி?"

படத்தின் ஓரத்தில் ஒரு மரம் இருந்தது. அதன் கிளையில் ஒரு தூளி தொங்கியது. வேறு தூளி இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றுதான் என்றேன்.

அத்தை சேலைத் தலைப்பை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு, "மூக்கு எப்டி கீது, சொல்லு" என்றாள்.

"நீட்டமா, கூரா."

இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டாள். முதலாளியையா, படத்தையா என்று தெரியவில்லை. கண் சரியாக இல்லாததால் இரண்டுக்கும் நடுவில் கும்பிட்டாள்.

திரும்பும்போது நல்ல வெயில். அத்தை தன் சப்பை மூக்கை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே வந்தாள். வீடு வரும்வரை கையை எடுக்கவில்லை.

அத்தைக்குச் சளி பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா மிளகு தட்டிக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அத்தை மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தாள்.