பிடுங்கிய ஹார்ட் டிஸ்க்

குமணன்சாவடி ஜங்ஷனில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது பரந்தாமனின் ஸ்டூடியோ. கல்யாண ஆல்பம் தயாரிப்பது சபீனாவின் வேலை. மணப்பெண்ணின் கன்னத்துப் பருவை அழிப்பாள். மாப்பிள்ளை கண்ணை மூடியிருந்தால் வேறு படத்திலிருந்து திறந்த கண்ணை எடுத்துப் பொருத்துவாள். ஊரார் கல்யாணங்களைப் பார்த்தபடியே முப்பதைத் தாண்டியிருந்தாள். அவளுடைய கல்யாணப் பேச்சை வீட்டில் எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மத்தியானம், ஆவடிக் குடும்பம் ஒன்றின் கல்யாணப் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றப்போனாள். டிஸ்க் பயன்பாட்டில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் மறுத்தது. திறந்திருந்த படங்களை மூடினாள். ஃபோல்டரையும் மூடினாள். அதே செய்திதான் வந்தது. எந்த ப்ரோகிராம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தேடினாள். படங்களை வரிசைப்படுத்தும் மென்பொருள் ஒன்று பின்னணியில் இன்னும் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தது.

பரந்தாமன் கேமராப் பையோடு வந்து நின்றார். "இன்னாம்மா பண்ணிகினு கீற? பாடி கல்யாண மண்டபத்துல எல்லாரும் வெயிட் பண்றாங்கோ. அந்த டிஸ்க்க குடு, இன்னிக்கு எடுக்குறத அதுலதான் ஏத்தணும்."

"உள்ள எழுதிட்டு இருக்கு அண்ணே. முடிஞ்சா தானா விட்டுடும். செத்த இருங்க."

"அது எப்பவும் அப்டித்தான் சொல்லும்."

அவரே கையை நீட்டி வயரைப் பிடுங்கினார். டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

மண்டபத்தில் அது திறக்கவில்லை. ஆவடிக் கல்யாணத்தை எடுத்த கேமரா கார்டுகளிலும் அதற்குள் பழையதை அழித்து வேறொரு கல்யாணம் ஏறியிருந்தது. சபீனா மீட்டெடுக்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தாள். கொஞ்சம் படங்கள் வந்தன. பெரும்பாலானவற்றில் மேல்பாதியில் மண்டப விளக்குகள் இருந்தன, கீழே வெறும் சாம்பல் நிறம். பெண் வீட்டிலிருந்து போன் வந்தபோதெல்லாம், பரந்தாமன் சொல்லிக்கொடுத்தபடி, "வேலை நடக்குது சார்" என்றாள்.

பிறகு ஒரு நாள் பெண்ணின் அப்பா பார்த்தசாரதி நேரிலேயே வந்தார். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருப்பவர். முகத்தில் பல நாள் தாடி.

"ஆல்பம் மெதுவா குடுங்கம்மா. என் வீட்டுக்காரி சுசீலா தவறிட்டா. சுவத்துல மாட்ட ஒரு படம் வேணும். கல்யாணத்துல எடுத்ததா பாத்துக் குடுங்க."

பரந்தாமன் சட்டென்று, "டிஸ்க்கு புட்டுக்கிச்சு சார். கம்பெனி கோளாறு" என்றார்.

"இல்ல சார்" என்றாள் சபீனா. "எழுதிட்டு இருக்கும்போதே வயரப் பிடுங்கிட்டோம். அம்மா முகம் தெளிவா இருக்கிற படம் ஒண்ணுகூட மிஞ்சல."

பரந்தாமன் எழுந்து வெளியே போய்விட்டார். பார்த்தசாரதி சத்தம் போடவில்லை. மீண்ட படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில் சுசீலாவின் புடவை முந்தானையும் வளையல் கையும் மட்டும் இருந்தன.

"நீங்க எல்லாப் படத்தையும் பாத்திருப்பீங்க இல்ல?" என்று கேட்டார். "அவ எப்படி இருந்தா?"

சபீனா தயங்கினாள். "பொண்ணுக்கு மாலைய சரி பண்றப்போ ஒரு படம் சார். நல்லா சிரிச்சிட்டு இருந்தாங்க."

"பல்லு தெரியவா?"

"ஆமா சார்."

"என்கூட இருக்கிறப்போ அப்படிச் சிரிச்சதே இல்லம்மா" என்றார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அந்த வளையல் கைப் படத்தையே பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினார்.

அதன்பிறகு பரந்தாமன் அவளிடம் வேலையைத் தவிர எதுவும் பேசுவதில்லை. வேறு இடம் கிடைக்காததால் அவளும் அங்கேயே இருக்கிறாள். ஆனால் அவளை அரிப்பது அதுவல்ல. மாலையைச் சரிசெய்து சிரித்த அந்த அம்மாள் சுசீலாதானா, அல்லது வேறேதோ கல்யாணத்தில் பார்த்த முகமா என்று அவளுக்கு இப்போது நிச்சயமில்லை. சரிபார்க்க எந்தப் படமும் இல்லை. அவரைக் கூப்பிட்டுச் சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை.