சாரல் வந்தால் காலி செய்யும் கூடம்

தென்காசியில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. கிணறு வற்றியது தெரியாமல் ஓடிக் கருகிய மோட்டார்கள்தான் என்னிடம் அதிகம் வரும். தண்ணீர் இறங்கியதும் தானாக நிறுத்தி, போனுக்குத் தகவல் சொல்லும் பெட்டி ஒன்றைச் செய்ய ஆசைப்பட்டேன். அதற்காக ஞாயிறுதோறும் குற்றாலம் போனேன். சென்னை வேலையை விட்டு வந்த ஒரு பெண், அங்கே ஒரு லாட்ஜ் கூடத்தில் கருவி செய்பவர்களையும் கம்ப்யூட்டர்காரர்களையும் கூட்டிவைத்திருந்தார். சுவரோர மேசையில் உட்காருவேன். முதல் சந்தேகம் கேட்கவே எனக்கு மூன்று மாதம் ஆனது.

சாரல் விழுந்து அருவி சீசன் தொடங்கினால் லாட்ஜுக்கு ஆள் வந்துவிடும். கூடத்தைக் காலி செய்ய வேண்டும். போன வருடம் அவசரமாக மூட்டை கட்டினோம். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராததால், எந்த ஒயர் எங்கே சேரும் என்பதற்கு அடையாளமாக ஒவ்வொன்றிலும் நூல் கட்டி முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். பார்சல் நூல் என்று நினைத்து அந்தப் பெண்ணே அத்தனையும் அறுத்துவிட்டார். பிறகு கூட்டம் கீழப்பாவூருக்கு மாறியது, அங்கிருந்து யார் வீட்டு மாடிக்கோ. போன் போட்டுக் கேட்கக் கூச்சம். சீசன் முடிந்தும் பல மாதம் பெட்டி சாக்கில் கிடந்தது.

இந்த வருடம் மறுபடி அதே கூடத்துக்குப் போனபோது, ஆப்பிரிக்காவில் இதுபோன்ற ஓர் இடத்தை நடத்துகிறவர் திரையில் பேசினார். அவர் பின்னால் சுவரில் ஒவ்வொரு கருவியும் மாட்டும் இடத்தில் அதன் வடிவத்தில் கோடு வரைந்திருந்தது. அவர் சொன்னதை அந்தப் பெண் தமிழில் சொன்னார். முன்பு அவர்களும் இடம் மாறிக்கொண்டே இருந்தார்களாம். ஒவ்வொரு முறையும் முதலில் வராமல் நின்றுபோனவர்கள் கூச்சக்காரர்களாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுவாரமே மலையில் மேகம் இறங்கியது. பஸ்ஸில் எல்லோரும் சாரலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். நான் ஜன்னலை மூடினேன். கூடத்தில் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

“சாரல் வந்துட்டுல்லா அண்ணாச்சி. இனி எங்கன போகன்னு தெரியல” என்றார் அந்தப் பெண்.

“என் பட்டறைக்குப் பின்னால ஒரு அறை கெடக்கு” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

அடுத்த ஞாயிறு விடியும் முன்பே அறையைக் கூட்டினேன். பத்து மணிவரை யாரும் வரவில்லை. கரி படிந்த இந்த இடத்துக்குப் படித்தவர்கள் வருவார்களா? ஷட்டரை இறக்கிவிடலாம் என்று எழுந்தபோது ஸ்கூட்டர் நின்றது. அந்தப் பெண் மேசையில் இருந்த என் பெட்டியையும் புது முடிச்சுகளையும் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நான் எதையும் தொடல, அண்ணாச்சி. சாமான எங்கன வைக்க?”

“எங்கன வேணும்னாலும் வைங்க. பெறவு எடுக்க வேண்டாம்.”