படங்கு கட்டிய ஊசி

மருந்துக் கடையில் இரவு ஆள் என்றால் மருந்து விற்பவன் என்று நினைத்துவிடாதீர்கள். குளிர்பெட்டிக்குக் காவல்காரன், அவ்வளவுதான். பகலெல்லாம் தூக்கம் வராமல் புரண்டு, ராத்திரியெல்லாம் தெர்மோமீட்டரைப் பார்த்துப் பெருமூச்சு விடும் என் இனத்தாருக்கு இது புரியும்.

மருந்தின் உடுப்பு

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பஸாரில் எங்கள் கடை. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பாக்கியத்துக்குச் சிறுநீரகக் கோளாறு. ரத்தம் ஊறாது, மலையேறினால் மூச்சு வாங்கும். வாராவாரம் ஊசிக்கு வந்து வேலை கெட்டதில், இனியும் நாள் தவறினால் பேரை வெட்டிவிடுவதாகக் கங்காணி சொல்லியிருந்தார். அதனால் கடைக்குப் பக்கத்து டாக்டர் மாதம் ஒருமுறை போடும் ஊசிக்கு மாற்றினார்.

"ஒரு ஊசி எப்படிண்ணே ஒரு மாசம் தாங்கும்?" என்று என்னிடம் கேட்டார் பாக்கியம். நான் எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளை அகராதி வைத்துப் படிப்பது என் ராத்திரிப் பைத்தியம். தெரிந்ததைச் சொன்னேன். உள்ளே இருப்பது பழைய ஊசியில் இருந்த, ரத்தம் ஊறவைக்கும் அதே புரதம்தான். அதன்மேல் நீளமான ரசாயனச் சங்கிலி ஒன்றைக் கோத்துவிட்டிருக்கிறார்கள். அது சுற்றிக்கொண்டு கிடப்பதால் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கழித்துவிட முடியாது. வேற்று ஆள் என்று சண்டைக்குப் போவதும் குறைவு. பாக்கியம் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். மழைக்கும் செடிக்கும் அட்டைக்கும் பயந்து கொழுந்துக்காரர்கள் படங்கு என்று முரட்டு ரெட்டுத் துணியைச் சுற்றும் இடம் அது.

"அப்ப மருந்துக்கும் படங்கு கட்டி விட்டிருக்காங்கன்னு சொல்லுங்க!"

முதலாளியின் யோசனை

இரண்டாம் மாத ஊசி வந்து இறங்கிய அன்று சாயங்காலம், எங்கோ மரம் விழுந்து கரண்ட் போனது. குளிர்பெட்டி இரண்டு டிகிரிக்கும் எட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அது எட்டைத் தாண்டியது. முதலாளிக்குப் போன் போட்டேன். போர்வைக்குள்ளிருந்து பேசினார்.

"ஊரே பிரிட்ஜாத்தான கெடக்கு, ஜன்னலத் தொறந்து வைங்க!"

மீன் கடை ஐஸ்

ஜன்னலில் பதினான்கு டிகிரி. எனக்குப் பல் தந்தியடித்தது. மருந்துக்கோ அது வெயில். மீன் கடைக்காரரை எழுப்பி, வாளி நிறைய ஐஸ் வாங்கி, ஊசியை நடுவில் புதைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். மீன்காரர் ஐஸோடு உப்பையும் கொட்டியிருப்பார், உப்பு சேர்ந்தால் குளிர் இன்னும் இறங்கும் என்பது புத்தியில் ஏறவில்லை. விடிந்து எடுத்தால் ஊசிக்குள் மருந்து உறைந்து கட்டி. கைச்சூட்டில் கரைந்து பளிங்காகிவிட்டது. பார்த்தால் ஒன்றும் தெரியாது. உறைந்ததைப் போடக்கூடாது என்று அதே தாளில் இருக்கிறது. கடையில் அதைப் படித்தவன் நான் ஒருவன்தான்.

கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து நின்றார் பாக்கியம். பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு நடந்ததைச் சொன்னேன். என் கையிலிருந்த ஊசியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"படங்கு கட்டுனதையே வெறைக்க வச்சிட்டீங்களேண்ணே, நாங்கெல்லாம் என்னாத்துக்கு ஆவோம்?"

மலைக்குப் போன ஊசி

மூன்றாம் நாள் கண்டி பஸ்ஸில் வேறு ஊசி வந்தது. அதற்காக அவர் இன்னொரு நாள் டவுனுக்கு வந்தால் பேர் போய்விடும். ராத்திரி வேலை முடிந்த காலையில், ஐஸ் பெட்டிக்குள் ஐஸுக்கும் ஊசிக்கும் நடுவே என் கம்பளித் தொப்பியைச் செருகி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானே மஸ்கெலியா பஸ் ஏறினேன். கொழுந்து நிறுக்கிற நேரத்தில் பாக்கியம் மலையிலிருந்து இறங்கி, தோட்டத்து டிஸ்பென்சரியில் ஊசி போட்டுக்கொண்டு, கூடையோடு திரும்பினார். கங்காணி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கூடைக்குத் திரும்பினார். பாதி ஏற்றத்தில் நின்று கூப்பிட்டார் பாக்கியம்.

"இனி ஒரு மாசத்துக்கு இந்தப் பக்கம் வராதீங்கண்ணே, வந்தா என்னையும் ஐஸுல போட்டுருவீங்க!"

மருந்துக்குப் படங்கு கட்டத் தெரிந்த மேதைகள் உலகத்தில் எங்கோ இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் கணக்கில் எடுக்காமல் விட்டது, அதற்குக் காவல் இருக்கும் என்னைத்தான்.