அஞ்சலையக்கா சொன்னதும் மேஸ்திரி எழுதியதும்

உச்சிவேளையில் என்ஜினை நிறுத்தியதும் காதுக்குள் ஒரு வெறுமை வரும் பாருங்கள்... மல்லாட்டைத் தூசி வெயிலில் அப்படியே அந்தரத்தில் நிற்கும். இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

திண்டிவனத்தில் மல்லாட்டை உடைக்கிற மில். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பதினேழு வயது, மூன்றாவதோடு நின்ற படிப்பு.

விழுப்புரத்திலிருந்து ஒரு புது மேனேஜர் வந்தார். வந்ததும் ஒரு நோட்டுப் போட்டார். வேலை இன்னும் நன்றாக நடக்க என்ன செய்யலாம் என்று வேலை செய்கிறவர்களே சொல்ல வேண்டுமாம். சனிக்கிழமைதோறும் படிப்பாராம். அதுவரை எங்களை யாரும் எதையும் கேட்டதில்லை. முதலில் சிரித்தோம். சல்லடையைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் இடுப்பு வலிக்காது என்று ஒருத்தி சொன்னாள். மறுவாரமே சாய்த்து வைத்தார்கள். அதற்கப்புறம் ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தோம். எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுதத் தெரியாது. மேஸ்திரிதான் கேட்டுக் கேட்டு எழுதுவான்.

அஞ்சலையக்கா மெஷின் வாயில் மல்லாட்டை கொட்டுகிறவள். அவள் தலைக்கு மேலே மர உத்தரம், அதில் தொங்கும் இரும்புச் சக்கரம், பெல்ட். முந்தின வருஷம் அதே இடத்தில் உட்கார்ந்த கண்ணம்மாவின் முந்தானையை பெல்ட் இழுத்தது. அவள் பிழைக்கவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு வேளை. அஞ்சலையக்கா சட்டென்று கையைக் காட்டி என் பேச்சை நிறுத்தினாள்.

மேலே... யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதுபோல. நின்றது. மறுபடியும்...

பெல்ட் அசையவில்லை. காற்றும் இல்லை. என் கையிலிருந்த கேப்பைக் களி வாய்க்குப் போகவே இல்லை.

மூன்று நாள் கேட்டது. கண்ணம்மாதான் என்று நாங்களெல்லாம் முடிவு கட்டினோம். அஞ்சலையக்கா மட்டும் நேராக மேஸ்திரியிடம் போனாள்.

"எழுதிக்குங்க மேஸ்திரி. மேல இன்னாமோ மொனகுது. யாராச்சும் ஏறிப் பாக்கணும். பாக்குற வரிக்கும் நான் அங்க குந்த மாட்டேன்."

"இன்னாமே, கண்ணம்மா தொணைக்குக் கூப்புடுறாளா? போ போ, எழுதிக்கினேன்" என்று சிரித்தான்.

திங்கட்கிழமை மேனேஜர் பூசணிக்காய் வாங்கித் தந்தார். மெஷினுக்கு வேப்பிலை கட்டினார்கள். கற்பூரம் ஏற்றியது நான்தான். முனகல் நின்றது. உட்கார மாட்டேன் என்ற அஞ்சலையக்காவுக்குச் சமாதானம் சொல்லி அதே இடத்தில் உட்கார வைத்ததும் நாங்கள்தான்.

வியாழக்கிழமை உத்தரம் முறிந்து, சக்கரத்தோடு அவள்மேல் இறங்கியது.

மரத்துக்குள் நெடுக விரிசல். அதுதான் முனகியிருக்கிறது. மேனேஜர் நோட்டைப் பிரித்து எங்கள் முன்னால் படித்தார். "அஞ்சலைக்குப் பேய்ப் பயம். பூசை போட வேண்டும்." அவ்வளவுதான். ஏறிப் பார்க்கச் சொன்னது அதில் இல்லை. அன்றைக்கு அவன் எழுதும்போது எட்டிப் பார்த்திருந்தால் எழுத்துக்கூட்டி எனக்கே படிக்க வந்திருக்கும்... பார்க்கவில்லை.

மேஸ்திரி செத்து இருபது வருஷம் ஆகிறது. சாவுக்கு நான் போகவில்லை.

பிறகு இரும்பு உத்தரம் போட்டார்கள். நானே ஏணியில் ஏறித் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. ஆனாலும் உச்சிவேளையில் கேட்டது. இந்தத் தடவை இரண்டு பேர்...

நான் யாரையும் எழுதச் சொல்லவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்தவள், திரும்பப் போகவே இல்லை.

இப்போது என் பேத்தியின் கம்பெனியிலும் யோசனை கேட்கிறார்களாம். அவரவர் போனிலேயே தட்டிவிடலாமாம், நடுவில் ஆள் கிடையாதாம். கேட்கப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

நான் சொல்லச் சொல்ல இதைத் தட்டுகிறவளும் அவள்தான். வரிவரியாகப் படித்துக் காட்டச் சொன்னேன். முனகல் என்று நான் சொன்ன இடத்திலெல்லாம் பேய்ச் சத்தம் என்று போட்டிருந்தாள்.

"அப்டி இருந்தாத்தான் ஆயா படிப்பாங்க" என்றாள்.

அழிக்கச் சொன்னேன். அழித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன்.