அக்கா கட்டிய பூப்பொட்டலங்கள்

வாழையிலையில் மடித்து நாரால் கட்டிய இரண்டு பொட்டலங்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுப் பெருமாள் படத்துக்கு முன்னால் அவற்றை வைத்துவிட்டு, "நீயே ஒண்ணை எடுடி" என்றாள் அக்கா. ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, மற்றதில் செவ்வரளி என்று சொல்லியிருந்தாள். வெள்ளை வந்தால் ஆம்புலன்ஸ், சிவப்பு வந்தால் பட்டாளம். அக்கா குடும்பம் ஆஸ்திரியாவில் குடியேறி, அந்த நாட்டுக் குடிமக்களே ஆகிவிட்டவர்கள். அங்கே வயதுக்கு வந்த பையன்கள் சில மாதம் பட்டாளத்தில் இருந்தாக வேண்டும். துப்பாக்கி தொட மனமில்லாதவன், அதைவிடக் கூடுதலான மாதங்கள் ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் என்று வேலை பார்க்க வேண்டும். அவளுடைய ஒரே பையன் அங்கே முடிவு சொல்ல வேண்டிய நேரத்தில், லீவுக்கு வந்த இவள் இங்கே பூக்கட்டிப் பார்க்கிறாள்! பிள்ளையின் எதிர்காலத்தைப் பூவா சொல்லும் என்று எரிச்சலோடுதான் எடுத்தேன். வெள்ளை வந்தது. அக்கா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

சாயந்திரம் போனில் பையனிடம், "பெருமாளே சொல்லிட்டார்டா, ஆம்புலன்ஸுக்கே எழுதிக் கொடு" என்றாள். "சரிம்மா" என்றானாம். பிறகு என்னிடம் பேசும்போது குரலைத் தாழ்த்தி, "சித்தி, போன வாரமே அப்படித்தான் எழுதிக் கொடுத்துட்டேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, அவங்க பேச்சைக் கேட்டதாவே இருக்கட்டும்" என்று சிரித்தான். போக்கிரிப் பயல். வேலையும் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. லிஃப்ட் இல்லாத மாடியிலிருந்து ஒரு தாத்தாவை நாற்காலியோடு இறக்கிய கதையை எத்தனை முறை சொன்னான்! அந்தக் குளிர்காலத்தில் உறைபனிச் சாலையில் ஆம்புலன்ஸ் சறுக்கிக் கவிழ்ந்தது. உள்ளே இருந்த நோயாளி பிழைத்துக்கொண்டார். எங்கள் பிள்ளை போய்விட்டான்.

அக்கா வீட்டார் அஸ்தியோடு ஊருக்கு வந்தார்கள். காவிரியில், அம்மா மண்டபம் படித்துறையில் கரைத்து முடித்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு பொட்டலத்திலயும் வெள்ளைப் பூதான்டி வச்சேன். பெருமாளையே ஏமாத்தினேன். பட்டாளத்துக்குப் போயிருந்தா பிள்ளை இருந்திருப்பான். நான்தான் அவனைக் கொன்னுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பெற்ற வயிறு அப்படித் துடிப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? அவன் போனில் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை அக்கா, அவனாகத் தேர்ந்தெடுத்ததுதான் என்றேன்.

அழுகை சட்டென்று நின்றது. ஆறுதல் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"அப்போ நான் சொல்லி அவன் போகலையா?"

"இல்லக்கா."

தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கடைசியா அம்மா பேச்சைக் கேட்டான்ங்கற அது ஒண்ணுதான்டி என்கிட்ட மிச்சம் இருந்துச்சு" என்றாள்.