பின்னிருக்கையிலிருந்து ஒரு ‘சரி’

இது நடந்தது. நம்புங்கள் என்று உங்களைக் கெஞ்சப்போவதில்லை. நான் நில அளவையாளன். முப்பத்தோர் ஆண்டுகள் பிறருடைய நிலத்தை அளந்து எழுதியவன். இல்லாத ஓர் அங்குலத்தை எந்த வரைபடத்திலும் சேர்த்ததில்லை. கீழே வரும் நேரங்களில் சில என் கைப்பேசியில் இன்றும் அழியாமல் இருக்கின்றன. மற்றவை, மறக்க முயன்றும் என்னால் மறக்க முடியாதவை.

என் மனைவிக்குப் பார்வை போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகுதான் இருவர் மிதிக்கும் நீளமான சைக்கிளை வாங்கினோம். முன்னிருக்கையில் நான், பின்னிருக்கையில் அவள். இரண்டு சோடி மிதிகட்டைகளும் சங்கிலியால் இணைந்தவை; ஒருவர் மிதித்தால் மற்றவர் காலும் சேர்ந்து சுழலும். பின்னால் இருப்பவர் சோர்ந்துவிட்டாரா என்பதைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, பாதமே சொல்லிவிடும். அவள் என்னை ‘டிரைவர்’ என்பாள். நான் அவளை ‘இன்ஜின்’ என்பேன்.

எங்களுக்குள் ஒரே ஒரு விதி உண்டு. நான் “சரியா?” என்று கேட்பேன். அவள் “சரி” என்பாள். அந்தச் சொல் வராமல் வண்டி நகராது.

அன்று நாங்கள் எடுத்தது ஓர் ஆற்றங்கரைப் பாதை. சைக்கிளுக்கென்றே போட்டது, மோட்டார் வண்டி எதுவும் நுழைய முடியாது. ஹாரன் சத்தமே இல்லாத பாதை என்பதால் அவள்தான் அதைத் தேர்ந்தெடுத்தாள். தொடக்கத்தில் பாதைக் காவலர் எச்சரித்தார்.

“நடுவுல பள்ளமான இடத்துல இரும்புத் தடுப்பு ஒண்ணு வரும் சார். அஞ்சேகாலுக்கு மதகு திறக்கும், தண்ணி பாதை மேலேயே ஏறிடும். அதுக்கு முன்னாடி தாண்டிடுங்க.”

“டிரைவர் தூங்காம ஓட்டினா தாண்டிடலாம்” என்றாள் மனைவி.

“இன்ஜின் இழுக்கணுமே” என்றேன்.

காவலர் சிரித்தார். இப்போது நினைத்தால், அன்று யாராவது சிரித்தது அதுதான் கடைசி.

மாலை 4.31. இரும்புத் தடுப்பு. சைக்கிள் வளைந்து நுழைய மட்டும் இடம் விட்ட கம்பிகள்; எங்கள் வண்டியின் நீளத்துக்கு அந்த வளைவுக்குள் திரும்பாது. அவளை இறக்கி, கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பின்சக்கரத்தைத் தூக்கித் தடுப்பைக் கடந்தேன். அவள் கம்பியைத் தடவியபடி இந்தப் பக்கம் வந்தாள். நான் முன்னிருக்கையில் அமர்ந்து ஒரு காலை ஊன்றினேன்.

“சரியா?”

வண்டி சற்றே அழுந்தியது.

“சரி.”

கிளம்பினோம். பாதை பள்ளத்திலிருந்து ஏறி, ஆற்றை ஒட்டியே நீண்டது. காற்று எதிரே வீசியது. வழக்கம்போல் நான் பார்ப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

“ஒரு படகைக் கவுத்து வெச்சிருக்காங்க.”

பதில் இல்லை.

இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எதைச் சொன்னாலும் “என்ன கலரு?” என்று கேட்பவள் அவள். பார்வை போன நாளிலிருந்து ஒரு நாளும் அந்தக் கேள்வி தவறியதில்லை. படகு பச்சை. நானாகவே சொன்னேன்.

“சரி” என்றாள்.

நான்காவது கிலோமீட்டரில் அவளுக்கு முழங்கால் வலிக்கும். அரை நிமிடம் மிதிக்காமல் இருப்பாள். அன்று இருக்கவில்லை. ஏற்றத்தில் என் கால்கள் தளர்ந்தன. பின்னாலிருந்து வந்த உந்தல் தளரவில்லை. ஒரே சீராக... கடிகாரம்போல.

“இன்ஜின் இன்னிக்கு ஜோரா இருக்கே!”

“சரி.”

அதே குரல். அதே சுருதி. முதல் ‘சரி’யை யாரோ பிரதியெடுத்து வைத்ததுபோல.

மழை இல்லை. ஆனாலும் பின்னால் ஒரு சத்தம்.

சொட்... சொட்... சொட்...

5.04. சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. ஒரு கையால் எடுத்தேன்.

திரையில் என் மனைவியின் பெயர்.

“டிரைவர்... என்ன விட்டுட்டுப் போயிட்டீங்களே...”

என் கால்கள் நின்றன. மிதிகட்டைகள் நிற்கவில்லை. என் பாதங்களைச் சுமந்தபடி சுழன்றுகொண்டே இருந்தன.

“எங்க இருக்க?”

“தடுப்புலதான். கம்பியப் பிடிச்சிட்டு நிக்கிறேன். கால்ல தண்ணி படுது.”

“அசையாத. விரலக்கூட எடுக்காத. இதோ வர்றேன்.”

“சீக்கிரம்...”

துண்டித்தது. திரும்ப அழைத்தேன். கிடைக்கவில்லை. பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். வண்டி நின்றது. தொடக்கத்தில் கொடுத்திருந்த எண்ணில் காவலருக்கு அழைத்தேன்.

“ஜீப்பு உள்ள வர முடியாதே சார்! அதுக்குத்தானே இந்த முனையிலேயே கல்லு நட்டிருக்கு. நான் நடந்துதான் வரணும், ஒரு மணி நேரம் ஆகும்.”

“மதக நிறுத்துங்க!”

“அது நம்ம கையில இல்ல சார். தானாத் திறக்கிறது.”

5.07. தடுப்பிலிருந்து 7.6 கிலோமீட்டர் தள்ளி நின்றேன். இருவர் வண்டியைத் தனியாளாக மிதித்தால் எனக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆகும். எட்டே நிமிடத்தில் மதகு திறக்கும். அவள் நிற்கும் இடத்தில் பாதையின் இரு பக்கமும் சரிவு. எந்தப் பக்கம் அடி வைத்தாலும் ஆறு. அவளுக்கு நீச்சல் தெரியாது.

முன்னிருக்கையை விட்டு இறங்காமலே வண்டியைத் திருப்பினேன். பின்பக்கம் கனத்தது.

ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று பலரும் கேட்கிறார்கள். பார்த்திருந்தால் மறுபடி அந்த வண்டியை ஓட்டியிருக்க மாட்டேன். வண்டியை விட்டுக் காலால் ஓடினால், போய்ச் சேர்வதற்குள் அவள் செத்துவிடுவாள். எனக்கு அந்த வண்டி வேண்டும்... அதில் யார் இருந்தாலும்.

மிதித்தேன். நூறடியில் மூச்சு முட்டியது. பின்னால் உந்தல் இல்லை. வெறும் பாரம். சொட்... சொட்...

அழுதுவிட்டேன்.

“யாரா இருந்தாலும் சரி... மிதிங்க. தயவு செஞ்சு மிதிங்க. அவளுக்குக் கண்ணு தெரியாது.”

சத்தம் நின்றது.

பிறகு என் மனைவியின் குரலில்...

“சரி.”

மிதிகட்டைகள் என் பாதங்களை இழுத்துக்கொண்டு சுழன்றன.

பச்சைப் படகு பின்னால் போனது.

முதுகில் குளிர். பிடரியில் மூச்சு இல்லை. அதைக் கவனித்தேன்... மூச்சே இல்லை.

5.15. தொலைவில் சங்கு ஊதியது.

மதகு.

5.21. சக்கரத்தின் அடியில் தண்ணீர்.

5.22. பாதி சக்கரம். “மிதிங்க... மிதிங்க...” என்று கெஞ்சிக்கொண்டே வந்தேன்.

“ஏங்க!”

அவள்தான். முழங்காலுக்கு மேல் தண்ணீர். இரண்டு கைகளாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் இழுத்த இழுப்பில் அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

5.23. வண்டியை அப்படியே போட்டேன். அவள் இடுப்பைப் பிடித்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த மேட்டில் அவளை ஏற்றினேன். வண்டியின் கைப்பிடி தண்ணீருக்கு மேலே தெரிந்தது. ஒரு காலை ஊன்றிக்கொண்டு அதையும் இழுத்தேன். அப்போதுதான் பின்னிருக்கையைப் பார்த்தேன்.

காலி.

அவள் என் சட்டையை விடவில்லை. பல் அடித்துக்கொண்டது.

“யாரோட பேசிக்கிட்டே வந்தீங்க?” என்றாள்.

வண்டியின் பக்கம் பார்க்காமல் அவள் கைகளைத் தேய்த்துவிட்டேன்.

காவலர் மேட்டு வழியாக நடந்துவந்து எங்களை அழைத்துப் போனார். 7.20க்கு அவர் அறையில் இருந்தோம். மேசை, இரண்டு நாற்காலிகள், சுவரில் பாதையின் வரைபடம். மனைவிக்குத் துண்டு கொடுத்தார், சூடாகத் தேநீர் கொடுத்தார். அவள் அப்போதுதான் நடந்ததைச் சொன்னாள். நான் “சரியா?” என்று கேட்டபோது அவள் குனிந்து, கழன்ற செருப்பைக் கையால் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். பதிலே சொல்லவில்லை. வண்டி நகரும் சத்தம் கேட்டுக் கத்தியிருக்கிறாள். எதிர்க்காற்றில் எனக்குக் கேட்கவில்லை.

“ரொம்ப நேரம் கத்தினேன். அப்புறம் தொண்டை போயிடுச்சு. அசையாம நின்னா வருவீங்கன்னு நின்னேன்.”

“என்ன இருந்தாலும், போன் பண்ணணும்னு உனக்குத் தோணுச்சே. அது பெரிய விஷயம்” என்றேன்.

அவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

“நான் எங்க போன் பண்ணினேன்?”

“அஞ்சு மணிக்கு.”

“போன் வண்டியிலதானே இருக்கு? காலையில நீங்கதானே நனையக் கூடாதுன்னு பின்சீட்டுக்குக் கீழ இருக்கிற பையில வெச்சீங்க?”

காவலர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

“அந்தத் தடுப்புக்கிட்ட சிக்னலே கிடையாது சார். யார்கிட்ட போன் இருந்தாலும் அங்கிருந்து பேச முடியாது.”

வெளியே போனேன். பின்னிருக்கையின் கீழே பை, பூட்டியபடியே இருந்தது. உள்ளே நெகிழித்தாளில் நான் சுற்றி வைத்த சுற்று அப்படியே இருந்தது. பிரித்தேன். கைப்பேசியில் ஈரமில்லை. அழைப்புப் பட்டியலில் கடைசி அழைப்பு எனக்குப் போனது. நேரம் 5.04. நாற்பத்தொரு விநாடி.

கால்ல தண்ணி படுது என்றது அந்தக் குரல். மதகு திறந்ததோ 5.15க்கு. 5.04க்கு என் மனைவியின் செருப்புகூட நனைந்திருக்காது.

அந்த அழைப்பு 7.6 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரவில்லை.

என் முதுகிலிருந்து ஒரு முழத் தொலைவில், பின்னிருக்கையிலிருந்து வந்தது.