இருபது மைலுக்கு மேல் போகாத கார்

வாடகைக் கார் ஓட்டுகிறவன் தெருவைப் பார்த்து ஓட்டுவான். உலக யுத்தம் வந்து பெற்றோலுக்குக் கூப்பன் என்றான பிறகு நான் தாங்கியைப் பார்த்தே ஓட்டினேன். தாங்கிக்குள் ஒரு குச்சியை விட்டு, எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் என் அளவை. அரிசிக் கூப்பனோடு வரிசையில் நின்ற உங்களுக்கு என் பாடு விளங்கும்.

காத்தான்குடி முதலாளி

இருபது மைல் வேகத்தைத் தாண்டினால் பெற்றோல் தண்ணீராய்ப் போகிறது என்று ஓட்டிப் பார்த்தே கண்டுபிடித்திருந்தேன். இருபதைத் தாண்டுவதில்லை என்ற கட்டுப்பாட்டில் முதலில் அகப்பட்டவர் காத்தான்குடிப் புடவைக்கடை முதலாளி ஒருவர். ஓட்டமாவடிக்குப் போக நான்கு பொதி சாரத் துணியோடு வந்தார். பாரம் கூடாது என்று இரண்டை இறக்கி வைத்தேன். மாடு குறுக்கிட்டால் பிரேக் போடாமல், தூரத்திலேயே காலை எடுத்துக் காரை உருளவிட்டேன். ஏறாவூரில் ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப் போய், திரும்பிப் பார்த்து சலாமும் சொன்னார். முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, உங்கட கார்ல செத்த மையத்த ஏத்தினாலும் அது இறங்கி நடந்துரும்!"

புது டீச்சர்

வாழைச்சேனைப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக நியமனம் கிடைத்த டீச்சர் ஒருவரை முதல் நாள் வேலைக்குக் கூட்டிப்போனேன். செங்கலடியில் இன்னொரு வாடகைக் கார்க்காரன் ஹோர்ன் அடித்து, கையையும் ஆட்டிவிட்டு முந்தினான். என் கட்டுப்பாடெல்லாம் காற்றோடு போனது. துரத்திப் பிடித்தேன், முந்தினேன். கிரானுக்குக் கிட்ட என் கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. டீச்சர் இறங்கி, வைக்கோல் ஏற்றிவந்த மாட்டு வண்டியில் போனார்.

அடுத்த திங்கள் அவரே என் காருக்கு வந்தார். தலைமை ஆசிரியர் ஏசினாரா என்று கேட்டேன்.

"ஏசினார்தான். அண்டைக்கு எரிஞ்சது பெற்றோல் இல்ல அண்ணன், உங்கட ரோசம். அது முடிஞ்சிருந்தா ஏறுறன்."

கதிரவெளியிலிருந்து

கதிரவெளியில் ஒருவரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது யோகராசா என்ற மீனவர் காரை மறித்தார். அவர் மனைவி பாக்கியத்துக்கு விடிய முதலே பிரசவ நோ கண்டிருந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டாளாம். குச்சியை விட்டுப் பார்த்தேன். நான்கு விரல் ஈரம். வேகமாகப் போனால் சித்தாண்டியோடு நின்றுவிடும். மெல்லப் போனால் சேரலாம்; அதுவும் நிச்சயமில்லை.

பாரம் குறைய, மேலதிகக் கார்ச் சில்லையும் கருவிப்பெட்டியையும் அங்கேயே இறக்கினேன். பாக்கியம் மருத்துவிச்சியின் மடியில் தலைவைத்துப் பின்னால் படுத்தாள். பனிச்சங்கேணித் துறையில் எஞ்சினை நிறுத்தி, துறைக்காரரும் நாங்களுமாகக் காரைத் தள்ளியே படகில் ஏற்றினோம். இறக்கியதும் தள்ளித்தான். வாழைச்சேனை தாண்டியதும் றோட்டு நேராய்க் கிடந்தது. பாக்கியம் அலறினாள். என் கால் தானாகவே அழுத்தப் பார்த்தது.

"கெதியா விடுங்க அண்ணன், அவள் செத்துப்போவாள்!" என்று யோகராசா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"கெதியா விட்டா நடுறோட்டில நிப்பம் தம்பி" என்றேன்.

பின்னாலிருந்து பாக்கியம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "அவர விடுங்க. அவர் ஓட்டட்டும்."

ஆஸ்பத்திரி வாசலில் குச்சியை விட்டபோது நுனியில்கூட ஈரம் ஒட்டவில்லை. மத்தியானம் ஆண்பிள்ளை பிறந்தது. தாயும் சுகம் என்று மருத்துவிச்சி வந்து சொன்னபோது நானும் யோகராசாவும் கார்ப் படியில் உட்கார்ந்து அழுதோம்.

புதுக் கூப்பன் கிடைத்ததும் மூவரையும் நானே ஊருக்குக் கூட்டிப்போனேன். யோகராசா முன்னால் இருந்துகொண்டு, பாக்கியத்தின் மடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தார். ஏறாவூர் தாண்டியதும் என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"அண்ணன், இன்னும் கொஞ்சம் மெல்லப் போங்களன். பிள்ளை நித்திரை."

வேகமாக ஓட்டினவர்களை ஊர் புகழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போனது. என்னைத் திட்டிக்கொண்டே வந்து, என் காரிலேயே ஏறியது.